ஸனதில்லாத கவிஞர்: ஹெரால்ட் பின்டரின் ஸ்பூனர்

இலண்டன் மாநகரின் வடமேற்குப் பகுதியில் வசதி மிக்க ஒரு வீடு. சுவர் நிறைய நூல்கள், கனத்த திரைச்சீலைகள், நடுநாயகமாக மதுப்புட்டிகள் அடுக்கிய பழங்காலப் பேழை. அறுபதுகளில் இருக்கும் இரு முதியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்காரர், பெயர் ஹெர்ஸ்ட். திருத்தமான உடை, குறைந்த சொற்கள். மற்றவர் விருந்தாளி, பெயர் ஸ்பூனர். பழைய, நைந்த கோட்டு, நிறம் மங்கிய சட்டை, கசங்கிய கழுத்துப்பட்டை. சற்று முன்னர்தான் ஹாம்ப்ஸ்டெட் மேட்டுவெளியை ஒட்டிய ஒரு மதுச்சாலையில் இருவரும் சந்தித்திருக்கிறார்கள் எனத் தெரிகிறது. ஸ்பூனர் ஓயாது பேசுகிறார். தாம் ஒரு கவிஞர் என்கிறார். இளங்கவிஞர்களைத் தம் கிராமத்துக் குடிலின் புல்வெளியில் அமர வைத்துத் தேநீர் வழங்கி ஆதரித்தவர் என்கிறார். ஹெர்ஸ்ட் கேட்கிறார்; குடிக்கிறார்; மீண்டும் கேட்கிறார்.

1975 ஏப்ரலில் இலண்டன் ஓல்ட் விக் அரங்கில் தேசிய நாடக மன்றத்தார் முதன்முதலாக மேடையேற்றிய 'நோ மேன்ஸ் லேண்ட்' என்னும் நாடகம் இவ்வாறு தொடங்குகிறது. இயற்றியவர் ஹெரால்ட் பின்டர். இயக்கியவர் பீட்டர் ஹால். 'எவருக்கும் உரிமையில்லாத நிலம்' என்பது தலைப்பின் பொருள். முதல் உலகப் போரில் இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் இடையே கிடந்த வெட்டவெளிக்கு இப்பெயர் வழங்கிற்று. அரபு மொழியில் அதனை 'அல்-அர்ளுல் ஹராம்' என்பர், விலக்கப்பட்ட நிலம். ஆங்கிலச் சொல் உரிமையைப் பற்றிப் பேச, அரபுச் சொல் தடையைப் பற்றிப் பேசுகிறது. இந்நாடகத்திற்கு அரபுச் சொல்லே கூடுதலாகப் பொருந்துகிறது என்பது நம் எண்ணம்.

பின்டர் 1930இல் கிழக்கு இலண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு யூதத் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். நடிகராக ஊர் ஊராக அலைந்து, பின்னர் நாடகாசிரியரானார். 2005ஆம் ஆண்டின் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2008 டிசம்பரில் மறைந்தார். நம் வாசகர்களுள் பலர் அவரை ஈராக் மீதான போரை வன்மையாகக் கண்டித்த எழுத்தாளராகவே அறிந்திருப்பர். அந்தக் கண்டனத்திற்கும் ஸ்பூனர் என்னும் இந்தப் பாத்திரத்திற்கும் ஒரு நுண்ணிய தொடர்பு உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

இத்தகைய நாடகங்களை 'அபத்த நாடகம்' என்னும் பெயரால் தமிழில் குறிப்பிடுகிறோம். மார்ட்டின் எஸ்லின் என்னும் திறனாய்வாளர் 1961இல் வெளியிட்ட நூலால் பரவிய பெயர் இது. பெக்கெட், அயனெஸ்கோ முதலியோரைப் பேசிய அந்நூலில் பின்டருக்கும் இடமளித்தார். அரபியர் இதனை 'மஸ்ரஹுல் அபஸ்' என்றும், 'அல்-லா மஃகூல்' (அறிவுக்கு ஒவ்வாதது) என்றும் வழங்குவர். எகிப்தின் தவ்ஃபீக் அல்-ஹகீம் 1962இல் 'யா தாலிஅஷ் ஷஜரா' என்னும் நாடகத்தை எழுதியபோது இந்த இரண்டாவது பெயரையே விரும்பினார். 'அபஸ்' என்பது பயனற்ற விளையாட்டு என்னும் பொருளுடையது. திருக்குர்ஆனின் அல்-முஃமினூன் அத்தியாயத்தில் மனிதப் படைப்பின் நோக்கம் குறித்த கேள்வியில் இடம்பெறும் சொல். ஆகவே இச்சொல்லைக் கேட்டதும் நம் ஆலிம்கள் முகம் சுளிப்பது இயல்பே. இந்த நாடகத்தில் மது ஆறாக ஓடுகிறது என்பதையும், நாகரிகம் கருதி நாம் இங்கே எடுத்துரைக்க விரும்பாத பேச்சுகள் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் அப்பாஸியர் காலக் கவிதையைப் பாடமாக நடத்துகின்ற எவரும் அபூ நுவாஸைக் கடந்தே வந்திருப்பர். பாத்திரம் செய்வதை எல்லாம் ஆசிரியர் பரிந்துரைக்கிறார் என்று கொள்ளும் வழக்கம் நம் மத்ரஸாக்களில் இருந்ததில்லை.

நாடகத்தில் நிகழ்வன மிகச் சில. முதல் அங்கம் ஒரு கோடை இரவு. ஸ்பூனரின் பேச்சு வளர வளர ஹெர்ஸ்டின் நிலை தளர்கிறது. இறுதியில் கையும் முழங்காலும் தரையில் ஊன்றித் தவழ்ந்தே அறையை விட்டு வெளியேறுகிறார். ஒருவர் தம் வீட்டிலிருந்தே தவழ்ந்து வெளியேறுவதை விருந்தாளி அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கு முன்னும் இதைக் கண்டிருக்கிறேன் என்னும் பொருள்படப் பேசவும் செய்கிறார். அப்பேச்சின் தொனி டி.எஸ். எலியட்டின் கவிதை நடையை ஒத்திருப்பதை ஆங்கிலக் கவிதை பயின்றோர் உடனே உணர்வர். பின்னர் ஃபாஸ்டர், பிரிக்ஸ் என்னும் இருவர் வருகின்றனர். முன்னவர் முப்பதுகளிலும் பின்னவர் நாற்பதுகளிலும் இருப்பவர்கள். இவ்வீட்டின் செயலாளரும் பணியாளருமாம். காவலர்கள் என்பதே பொருந்தும். யாரைக் காக்கிறார்கள், யாரிடமிருந்து என்பது விளங்குவதில்லை. பிரிக்ஸ், ஸ்பூனரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறார்: சாக் ஃபார்ம் பகுதியில் உள்ள ஒரு மதுச்சாலையில் மேசைகளிலிருந்து காலிக் குவளைகளைப் பொறுக்குபவர் இவர்! ஸ்பூனர் சிறிதும் கலங்கவில்லை. கடைக்காரர் தம் நண்பர் என்றும், ஆள் குறையும் நாட்களில் தாம் ஒரு கை கொடுப்பதுண்டு என்றும் மறுமொழி கூறுகிறார்.

இங்கேதான் நம் சிக்கல் தொடங்குகிறது. ஸ்பூனர் கவிஞரா, குவளை பொறுக்குபவரா? இரண்டுமா? இரண்டும் ஒருசேர இருக்க முடியாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அரபுக் கல்லூரியில் பயின்ற நமக்கு ஒரு செய்தி வந்தால் முதலில் எழும் கேள்வி, 'யார் சொன்னது?' என்பதே. அறிவிப்பாளர்களைத் தரம்பிரிக்கும் ஜர்ஹ், தஃதீல் கலை நம் முன்னோர் உலகிற்கு அளித்த அரிய கொடை. அறிவிப்பாளரின் நேர்மை என்ன, நினைவாற்றல் எத்தகையது, சொன்னவரைச் சந்தித்ததற்குச் சான்று உண்டா எனத் துருவித் துருவி ஆராய்வர். தீனின் அடிப்படைகளைக் காக்க எழுந்த அக்கலையை ஓர் ஆங்கில நாடகத்தின் மீது பிரயோகிப்பது தகுமா என்று சிலர் வினவலாம். பழகிய கண் எங்கு சென்றாலும் பழகியபடியே பார்க்கிறது. வேறு கண் நமக்கு இல்லை.

அக்கலையின் வழி நோக்கினால் நாடகத்தின் நிலைமை பரிதாபகரமானது. ஸ்பூனர் 'மஜ்ஹூல்'. அவர் யாரென அறிந்து சான்றுரைப்பார் ஒருவரும் இலர். ஹெர்ஸ்டோ முதுமையாலும் மதுவாலும் நினைவு கலங்கியவர். முஹத்திஸ்கள் 'முக்தலித்' என்பார்களே, அந்த நிலை. உறங்கி எழுந்து அறைக்குத் திரும்பும் அவர், சற்று முன் தம்முடன் குடித்த ஸ்பூனரையே யாரெனக் கேட்கிறார். எஞ்சிய இருவரும் இவ்வீட்டில் தம் இடத்தைக் காத்துக்கொள்ளும் அக்கறை உடையோர். அவர்களின் சாட்சியத்தில் நலன் கலந்துள்ளது. பிரிக்ஸ், தாம் ஃபாஸ்டரைத் தெருமுனையில் முதன்முதல் சந்தித்த கதையைச் சொல்லும்போது, அவர் இதனை மறுப்பார், அவர் கதை வேறாக இருக்கும் என முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் தொடங்குகிறார். தம் அறிவிப்பைத் தாமே பலவீனப்படுத்திக்கொண்டு அறிவிக்கும் அறிவிப்பாளரை நாம் வேறெங்கும் கண்டதில்லை!

சனதுதான் இல்லை, மத்னையாவது பார்ப்போம் என்றால், ஸ்பூனர் தம் கவிதை ஒன்றையும் முழுமையாகப் பாடிக் காட்டுவதில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கால்வாய் ஓரம் அமர்ந்திருந்ததாகச் சொல்கிறார். அங்கு மீன் பிடிப்பவர் ஒருவர், காதலர் இருவர், சீழ்க்கையடிக்கும் ஒருவன். இக்காட்சியை ஓவியமாகத் தீட்ட எண்ணினாராம். 'சீழ்க்கையடிப்பவன்' எனப் பெயரும் தெரிவு செய்தாராம். ஓவியம் தீட்டப்படவில்லை. பெயர் மட்டும் இருக்கிறது. தலைப்பை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் காத்திருக்கும் படைப்பாளிகளை நாம் அறிவோம். நம்முள்ளும் அத்தகைய தலைப்புகள் சில உறங்குகின்றன.

ஃபாஸ்டர் கூறும் ஒரு கதையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கிழக்கு நாடுகளில் திரிந்த காலத்தில், நாயுடன் நடந்துவந்த கந்தலும் இல்லாத ஒரு கிழவனுக்கு நாணயம் ஒன்றை எறிந்தாராம். கிழவன் அதனை ஐயத்துடன் நோக்கிவிட்டுத் திருப்பி எறிந்தான். பிடிக்கக் கைநீட்டினால் நாணயம் காற்றில் மறைந்துபோயிற்று, எங்கும் விழவில்லை. ஸ்பூனர் இதனைக் கேட்டு, அது வெறும் ஏமாற்று வித்தை, பொருட்படுத்த வேண்டாம் எனத் தள்ளுகிறார். ஏனைய நேரங்களில் எவர் சொன்ன எதனையும் ஏற்றுக்கொண்டு மேலே பேசும் அம்மனிதர், இரப்பவனைப் பற்றிய இக்கதையில் மட்டும் இத்துணை விரைந்து தீர்ப்புரைப்பது ஏன்? தம் சாயலை அவர் அதில் கண்டுகொண்டார் என்பது நம் ஊகம்.

இரண்டாம் அங்கம் மறுநாள் காலை. இரவு பூட்டப்பட்ட அறையிலேயே ஸ்பூனர் இருக்கிறார். நண்பகலில் ஒரு கவிதை இதழின் நிர்வாகக் குழுக் கூட்டத்திற்குத் தாம் செல்ல வேண்டும் என்கிறார்; ஆனால் செல்வதில்லை. வேறொருவருக்கெனச் சமைத்து, அவர் வாராமையால் எஞ்சிய சிற்றுண்டியை உண்கிறார். அப்போது ஹெர்ஸ்ட் புதுப்பொலிவுடன் நுழைந்து, 'சார்ல்ஸ்!' என்று அழைத்து அவரை வரவேற்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் உடன் பயின்ற பழைய தோழராம்! போருக்கு முந்தைய நாட்கள், பொதுவான நண்பர்கள், அக்காலப் பெண்கள் என நினைவுகள் பெருகுகின்றன. சார்ல்ஸின் மனைவியுடன் தமக்கிருந்த முறைகேடான உறவைக் கூடப் பெருமிதத்துடன் ஒப்புக்கொள்கிறார்.

ஸ்பூனர் அந்த சார்ல்ஸ் அல்லர் என்றே அவையோர் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்பூனர் மறுப்பதில்லை. அப்பெயரை அணிந்துகொள்கிறார். அணிந்துகொண்டு, எதிர்க் குற்றச்சாட்டுகளைப் பெயர்களோடும் விவரங்களோடும் அடுக்கி, ஹெர்ஸ்டை அவருடைய களத்திலேயே மடக்குகிறார். இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவர் உண்மையில் சார்ல்ஸ்தானோ என்னும் ஐயம் இப்போது எழுகிறது. பொய்யனாயின் எத்தகைய புலமை! மெய்யனாயின் முந்தைய இரவு ஏன் வாளாவிருந்தார்? பின்டர் விடையளிப்பதில்லை.

இக்காட்சியை முதன்முதல் வாசித்தபோது நம் நாவில் வந்த பெயர் அபூ ஸைத் அஸ்-ஸரூஜீ. பஸராவின் அல்-ஹரீரீ (கி.பி. 1054–1122) இயற்றிய 'மகாமாத்' நம் அரபுக் கல்லூரிகள் பலவற்றில் பாடநூலாக விளங்கிவருவது, அதன் கடினச் சொற்களுக்குப் பொருள் தேடி இரவுகளைக் கழித்தோர் இவ்விதழின் வாசகர்களில் பலர் இருப்பர். ஐம்பது மகாமாக்களிலும் ஓர் ஊரில் ஒரு முதியவர் தோன்றுகிறார். ஓரிடத்தில் போதகர், ஓரிடத்தில் முடவர், ஓரிடத்தில் வழக்காடுபவர். நாவன்மையால் கூட்டத்தைக் கரைத்துப் பொருள் பெற்று மறைகிறார். ஹாரிஸ் இப்னு ஹம்மாம் என்னும் கதைசொல்லி ஒவ்வொரு முறையும் ஏமாந்து, இறுதியில் அடையாளம் காண்கிறார்: இவர் அந்த அபூ ஸைத் அல்லவா! முதல் மகாமாவிலேயே, ஸன்ஆ நகரில் மக்களை அழவைத்துப் போதனை புரிந்தவர், குகைக்குத் திரும்பி வெள்ளை ரொட்டியும் பொரித்த ஆட்டுக்குட்டியும் நபீத் ஜாடியுமாக அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். இவருக்கும் ஒரு நூற்றாண்டு மூத்தவர், ஹிராத்தில் 1008இல் மறைந்த பதீஉஸ் ஸமான் அல்-ஹமதானீ படைத்த அபுல் ஃபத்ஹ் அல்-இஸ்கந்தரீ. அழையா விருந்தாளிகளின் கதைகளைத் தொகுத்து கதீப் அல்-பக்தாதீ 'கிதாபுத் தத்ஃபீல்' என்னும் தனி நூலே யாத்தார். அறிவிப்பாளர் ஆய்வில் இமயமென நிற்கும் அதே கதீப்! ஆக, ஸனதைத் தேடும் அறிவும், ஸனதில்லா நாவலரை இரசிக்கும் உள்ளமும் ஒருவரிடமே இருந்திருக்கின்றன.

பின்டர் ஹரீரீயைப் பயின்றார் என்று நாம் கூற வரவில்லை. அவர் தம் நாற்பாத்திரங்களுக்கும் பெயர் எடுத்தது பழைய கிரிக்கெட் ஆட்டக்காரர்களிடமிருந்து. ஹெர்ஸ்ட், ஸ்பூனர், ஃபாஸ்டர், பிரிக்ஸ் ஆகிய நால்வரும் முதல் உலகப் போருக்கு முன்னர் இங்கிலாந்துக்கு ஆடியவர்கள். இரு முதியவர்களுக்கும் இடையிலான வேற்றுமையே நமக்கு முக்கியம். மகாமாவில் முகமூடி கழன்று விழுவது உறுதி. கதைசொல்லி அடையாளம் காண்பான். வாசகன் நிம்மதி அடைவான். இங்கே ஹாரிஸ் இப்னு ஹம்மாம் இல்லை. அடையாளம் காண வேண்டியவரோ தவறான பெயர் சொல்லி அழைக்கிறார். வாஸிதீ 1237இல் தீட்டிய மகாமாத்தின் சித்திரப் பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. கூட்டத்தின் நடுவே அபூ ஸைத் நிற்கும் அச்சித்திரங்களில் கேட்போரின் கண்கள் எத்தனை! ஸ்பூனருக்கு வாய்த்த அவையோ மூவர். அவர்களிலும் ஒருவர் உறக்கத்திற்கும் போதைக்கும் நடுவே.

ஸ்பூனர் ஏன் இத்துணை பேசுகிறார்? பின்டர் 1962இல் பிரிஸ்டல் நகரில் மாணவர் நாடக விழாவில் ஆற்றிய உரை இதற்கு உதவுகிறது. மௌனம் இருவகை என்றார் அவர். சொல் எதுவும் பேசப்படாதது ஒன்று. சொற்கள் வெள்ளமெனப் பெருகும்போது அதனடியில் கிடப்பது மற்றொன்று. பேச்சு என்பது நிர்வாணத்தை மறைக்கும் ஆடை என்னும் கருத்துப்பட அவர் விளக்கினார். ஸ்பூனரின் அலங்காரச் சொற்றொடர்கள், மேற்கோள் போன்ற தொனிகள், பட்டப்பெயர்கள் எல்லாம் அந்த நைந்த கோட்டின் மீது போர்த்திய மற்றொரு கோட்டே. முதல் மேடையேற்றத்தில் ஸ்பூனராக நடித்த ஜான் கீல்குட், அன்றைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்திருந்த கவிஞர் ஆடனின் தோற்றத்தை நினைவில் கொண்டு கலைந்த தலையும் செருப்புமாகத் தம்மை ஒப்பனை செய்துகொண்டார். ஹெர்ஸ்டாக ரால்ஃப் ரிச்சர்ட்சன். அதனை 1978இல் தொலைக்காட்சிக்காகவும் படமாக்கினர். ஒளிப்பதிவாக நாம் பலமுறை பார்த்தது அதுவே. கீல்குட் பேசும்போது சொற்களைவிட அவர் கைகள் கவனத்தை ஈர்க்கின்றன. இருக்க இடம் கிடைக்காத கைகள். பின்னாட்களில் இப்பாத்திரத்தை ஏற்ற ஜான் வுட், டேவிட் பிராட்லி, இயன் மெக்கெல்லன் ஆகியோர் தத்தம் வழியில் சிறந்திருக்கின்றனர். 1992இல் பின்டரே ஹெர்ஸ்டாக மேடையேறினார் என்பது ஒரு சுவையான செய்தி. கேள்வி கேட்கும் ஸ்பூனரை விடுத்து, விடை மறந்த ஹெர்ஸ்டை ஏற்றார் ஆசிரியர்.

முன்னர் சொல்லிவைத்த தொடர்புக்கு வருவோம். நோபல் பரிசை ஒட்டி 2005 டிசம்பரில் அவர் ஆற்றிய உரை, உடல்நலக் குறைவால் ஒளிப்பதிவாகவே ஸ்டாக்ஹோமில் காட்டப்பட்டது. அதன் தொடக்கத்தில், உண்மைக்கும் உண்மையின்மைக்கும் இடையே அறுதியான கோடு இல்லை எனத் தாம் 1958இல் எழுதியதை நினைவுகூர்ந்தார். கலைஞனாக அதில் இன்றும் உறுதியாக நிற்பதாகவும், குடிமகனாக அவ்வாறு நிற்க இயலாது, எது உண்மை எது பொய் எனக் கேட்டே ஆக வேண்டும் என்றும் கூறினார். பின்னர் ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று சொல்லப்பட்டதை எடுத்துக்கொண்டு, அது உண்மையன்று என அடித்துரைத்தார். ஓர் அரசு அறிவிப்புச் செய்தால் அதற்கு ஸனது கேட்டவர், ஒரு கிழட்டுக் கவிஞர் அறிவிப்புச் செய்தால் கேட்கவில்லை. வல்லவனின் பொய் ஊர்களை எரிக்கிறது. ஸ்பூனரின் பொய், அது பொய்யாகவே இருந்தாலும், ஓர் இரவு தங்க இடம் கேட்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த பின்டர் மறுத்தார் என்றே நாம் கருதுகிறோம்.

இப்போது நாடகத்தின் உச்சத்திற்கு வருகிறோம். இரண்டாம் அங்கத்தின் பிற்பகுதியில் ஸ்பூனர் ஹெர்ஸ்டிடம் நேரடியாகவே ஒரு விண்ணப்பம் வைக்கிறார். தம்மைச் செயலாளராக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறார். என்னென்ன பணிகள் செய்வேன் என்று அடுக்குகிறார். மரணம் வந்து அறைகூவினால் தங்கள் பொருட்டு அதனை நானே எதிர்கொள்வேன் என்கிறார். தமக்குத் தெரிந்த மதுச்சாலையின் மாடியறையில் ஹெர்ஸ்ட் தம் கவிதைகளைப் படிக்க ஓர் அரங்கு ஏற்பாடு செய்வதாகவும் சொல்கிறார். வருவோர்க்கு இருக்கை, கட்டணம், இளைஞர் கூட்டம் என அந்த மாடியறையை அவர் வருணிக்கையில், அதே மதுச்சாலையில்தானே இவர் குவளை பொறுக்குகிறார் என்பது நமக்கு நினைவு வந்து நெஞ்சை உறுத்துகிறது. தம்மிடம் இருக்கின்ற ஒரே மாடியறையை அவர் கொடுக்க முன்வருகிறார்.

பலாகா பயிலும் மாணவர்களுக்கு நாம் முதலில் கற்பிப்பது, வாக்கியம் இருவகை என்பதாகும். 'கபர்' என்பது செய்தி. அதனை உண்மை என்றோ பொய் என்றோ சொல்ல இயலும். 'இன்ஷா' என்பது கட்டளை, வேண்டுகோள், வினா, விருப்பம்; அதனை உண்மை என்றோ பொய் என்றோ சொல்ல இயலாது. 'ஸைத் வந்தான்' என்பதற்குச் சான்று கேட்கலாம். 'ஸைதே, வா' என்பதற்கு யார் சான்று கேட்பார்? ஒன்று வரலாம், அல்லது வராதிருக்கலாம். ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி எழுதி நமக்கே சலித்துப்போன பாடம் இது. ஸ்பூனரின் பேச்சில்தான் அதன் முழு வலுவை உணர்ந்தோம். இரவு முழுவதும் அவர் கூறியன யாவும் கபர். நான் கவிஞன், எனக்குக் குடில் உண்டு, எனக்கு மனைவி இருந்தாள், நிர்வாகக் குழு என்னை எதிர்பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றையும் ஃபாஸ்டரும் பிரிக்ஸும் கிழித்தெறியலாம், கிழித்தும் எறிந்தார்கள். ஆனால் அந்த விண்ணப்பம் இன்ஷா. என்னை உம்முடன் வைத்துக்கொள்ளும் என்று ஒரு முதியவர் கேட்கிறார். அதற்குள் தற்புகழ்ச்சி ஊடுருவவே செய்கிறது, பழக்கம் விடுமா? ஆயினும் வேண்டுகோளின் தண்டில் பொய் ஏற இடமில்லை. அவர் கவிஞர்தானா என்னும் வினா அந்த ஒரு கணத்தில் தேவையற்றுப் போகிறது.

இதனை எழுதும்போது ஒரு பழைய நிகழ்ச்சியை ஒதுக்க முடியவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் அப்போது பணியாற்றிய கல்லூரிக்கு அஸருக்குப் பின் ஒரு முதியவர் வந்தார். தோளில் துணிப்பை. தாம் புலவர் என்றும், முனாஜாத்துகளும் மாலைகளும் நிறைய இயற்றியிருப்பதாகவும், பெயர் பெற்ற ஒரு பெரியாரிடம் ஓதியதாகவும் சொன்னார். கல்லூரியில் தங்கி மாணவர்களுக்கு யாப்புச் சொல்லித்தர விரும்பினார். ஊதியம் வேண்டாம், சாப்பாடு போதும் என்றார். 'ஹஜ்ரத், ஒரு மாதம் வைத்துப் பாருங்க' என்றார். நம்மைவிட வயதில் மிக மூத்தவர், நம்மை ஹஜ்ரத் என்று அழைத்தது அப்போதே கூச்சமாக இருந்தது.

நாம் என்ன செய்தோம்? அவர் ஓதியதாகச் சொன்ன ஆண்டைக் கேட்டோம். அந்தப் பெரியார் வஃபாத்தான ஆண்டுடன் ஒப்பிட்டோம். கணக்கு ஒத்துவரவில்லை. முனாஜாத் ஒன்றைச் சொல்லச் சொன்னோம். பாதியில் நின்றுவிட்டார், நினைவு வரவில்லை என்றார். உடனிருந்த இளம் ஆசிரியர் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை, ஆனால் கண்டுபிடித்துவிட்டோம் என்னும் நிறைவு உள்ளூர இருந்தது. இரவு உணவு கொடுத்து, பேருந்துக்குப் பணமும் கொடுத்து அனுப்பிவைத்தோம். அவர் 'பாரகல்லாஹ்' எனச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். அவர் சொன்ன செய்திகளை எல்லாம் நாம் சோதித்தோம். ஒரு மாதம் வைத்துப் பாருங்க என்றாரே, அதற்கு நாம் மறுமொழி கூறியதாக நினைவில்லை. அன்று பிற்பகல்கூட நாம் நடத்திய பாடம் பலாகாவாகவே இருந்திருக்கலாம்.

ஹெர்ஸ்டும் மறுமொழி கூறுவதில்லை. பேச்சை மாற்றுவோம், கடைசி முறையாக, என்கிறார். இயல்பாகச் சொன்ன சொல்தான். ஆனால் காவலர் இருவரும் அதனைப் பற்றிக்கொள்கிறார்கள். இறுதி முறையாக மாற்றியாகிவிட்டது என்றால், இனி எக்காலத்திலும் வேறு பேச்சு இல்லை என்று பொருள். இப்போதைய பேச்சு எது? குளிர்காலம். ஆகவே இனி என்றென்றும் குளிர்காலமே. வசந்தம் வாராது, மரங்கள் துளிர்க்கா, காலையும் புலராது. உஸூலுல் ஃபிக்ஹ் வகுப்பில் ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே கொள்ள வேண்டும் என்று அடம்பிடிக்கும் மாணவனைப்போல அவ்விருவரும் ஒரு சாதாரண வாக்கியத்தை வைத்து ஒரு மனிதரின் மீதிக் காலத்தைப் பூட்டிவிடுகிறார்கள். இதில் நகைச்சுவை உண்டு. அரங்கில் சிரிப்பொலி எழுவதைக் கேட்கலாம். சிரிப்பு அடங்கும்போது குளிர் தெரிகிறது.

ஹெர்ஸ்ட் அப்போது தாம் கண்ட கனவை மீண்டும் நினைக்கிறார்: ஓர் ஏரி, அதில் யாரோ மூழ்குகிறார். முந்தைய இரவு இக்கனவைச் சொன்னபோது, தங்கள் கனவில் மூழ்கியவன் நானே என்றார் ஸ்பூனர். இப்போது ஹெர்ஸ்ட் உற்றுப் பார்க்கிறார்; அங்கே எவரும் இல்லை. மறைந்தோரின் நிழற்படத் தொகுப்பைப் பற்றி அவர் முன்னர் கனிவோடு பேசியதும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது. இறந்தோர் முகங்களில் பரிவு காட்டினால் அவர்கள் உயிர்ப்புறுவர் என்பது போல அவர் பேச, அவர்கள் வெறுமை, வெறுமை மட்டுமே எனப் பிரிக்ஸ் முறித்துவிடுகிறார்.

நம் வாசகர்க்கு இந்நிலம் 'பர்ஸக்'கை நினைவூட்டக்கூடும். இரண்டிற்கும் இடைப்பட்ட திரை, கடக்கவும் மீளவும் இயலாத இடம். ஒப்புமை அவ்வளவே. நாம் நம்பும் பர்ஸக்கிற்கு ஒரு மறுகரை உண்டு. எழுப்பப்படும் நாள் உண்டு. பின்டர் காட்டும் நிலத்திற்கு அது இல்லை. ஹரீரீயும் தம் முதியவரை அவ்வாறு விட்டுவிடவில்லை. ஐம்பதாவது மகாமாவில், பஸராவின் பள்ளிவாசலில் மக்களின் துஆவைப் பெறும் அபூ ஸைத், இம்முறை மெய்யாகவே மனம் திரும்பிவிடுகிறார். பின்னர் ஹாரிஸ் ஸரூஜ் நகருக்குத் தேடிச் செல்லும்போது, முரட்டுத் துணி உடுத்தித் தொழுகையில் ஆழ்ந்திருக்கும் ஒருவரைக் காண்கிறார். ஏமாற்றப் பயன்பட்ட நாக்கு திக்ரில் நனைந்திருக்கிறது.

ஸ்பூனருக்கு அத்தகைய ஐம்பதாவது காட்சி எழுதப்படவில்லை. நாடகத்தின் இறுதிக்கு முந்தைய பேச்சு அவருடையது. அசையாத, மாறாத, மூப்படையாத, பனி உறைந்த அந்நிலத்தில் தாங்கள் இருக்கிறீர்கள் என்று அவர் ஹெர்ஸ்டிடம் சொல்கிறார். இரவெல்லாம் அவர் பேசியவற்றுள் அலங்காரம் மிகக் குறைந்த பேச்சு அதுவே. அவர் கவிஞர் என்பதற்கு நாம் ஒரு சான்று காட்ட வேண்டுமாயின் அதனையே காட்டுவோம். ஹெர்ஸ்ட் அதற்காகக் குடிப்போம் என்று குவளையை உயர்த்துகிறார். விளக்கு மெல்ல மங்குகிறது. ஸ்பூனரை வேலைக்கு எடுத்ததாகவும் யாரும் சொல்லவில்லை. வெளியே போகச் சொல்லவும் இல்லை. அவர் அந்த அறையிலேயே இருக்கிறார்.